பொட்டியும் பக்கெட்டும்

சொந்தக்காரர்கள் மத்தியில் ‘கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்’ என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் போச்சு. ஆயுள் தண்டனை. கல்யாண வீட்டில் மைக் செட் ‘கொய்ங்’ என்றாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

போன வருஷம் ஐப்பசி. தூத்துக்குடியில் எங்கள் ஆபீஸில், அடுத்த நாள் கப்பலில் ஏறவேண்டிய கண்டெய்னர்களின் நம்பரைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். மேனேஜர் எதிரே நிற்கிறார். செல்போன் அடிக்கிறது. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து மாமா.

“மாப்ளே, பொட்டி வந்துட்டு. சனிக்கிழமை வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போ.”

“என்ன பொட்டி மாமா?”

“டிராக்டர்ல மருந்து அடிக்கிற மெஷினுக்குள்ள கம்ப்யூட்டர் பொட்டி. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே!”

எனக்குத் தெரிந்த எல்லாம் எக்ஸெல் ஷீட்டில் கூட்டல் போடுவது. மாமாவிடம் அதைச் சொன்னால் நம்பமாட்டார். மாமியிடம் சொன்னால் நம்பிவிடுவார். அது இன்னும் ஆபத்து. குளத்தூர் வழி பஸ் ஏறினேன்.

மாமாவுக்குச் சொந்தமும் குத்தகையுமாக இருபது ஏக்கர் கரிசல். மானாவாரி. அதாவது வானம் பார்த்த பூமி. வருஷத்துக்கு ஒரே வெள்ளாமை. புரட்டாசி, ஐப்பசியில் பெய்தால் மக்காச்சோளம், உளுந்து, பருத்தி. பெய்யாவிட்டால் டீக்கடை பெஞ்ச். கோயம்புத்தூர்ப் பக்கம் யாரோ விற்ற மருந்து தெளிக்கும் மெஷினை செகண்ட் ஹாண்டில் வாங்கியிருந்தார். டிராக்டருக்குப் பின்னால் 400 லிட்டர் டேங்க், இரண்டு பக்கமும் ஜடாயு மாதிரி விரியும் இரும்புக் கைகள், அவற்றில் வரிசையாக 16 நாசில். அதற்குத் துணையாக, சீட்டுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கன்சோல். அதுதான் பொட்டி. டிபன் பாக்ஸ் சைஸ். ஒரு குட்டித் திரை, நாலைந்து சுவிட்ச், பின்னால் குடல் மாதிரி ஒரு கத்தை வயர்.

இந்தப் பொட்டி எதற்கு? பார்ப்போம்.

ஏக்கருக்கு இத்தனை லிட்டர் விழவேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. டிராக்டர் ஒரே வேகத்தில் போனால் பிரச்னை இல்லை. ஆனால் டிராக்டர் கரிசல் காட்டில் போகிறது, எட்டயபுரம் ரோட்டில் அல்ல. ஈரத்தில் மெதுவாகும், மேட்டில் திணறும், வரப்போரம் திரும்பும்போது ஊரும். மெதுவாகப் போன இடத்தில் மருந்து கொட்டும். வேகமாகப் போன இடத்தில் ஏமாற்றும். பொட்டி என்ன செய்கிறதென்றால், சக்கரத்தில் மாட்டிய சென்சாரிடம் ‘எவ்வளவு வேகம்?’ என்று கேட்கிறது. குழாயில் மாட்டிய ஃப்ளோ மீட்டரிடம் ‘நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்?’ என்று கேட்கிறது. இரண்டையும் வகுத்துப் பார்த்து, ஒரு வால்வைத் திறந்து மூடி சரிசெய்துகொண்டே இருக்கிறது. அவ்வளவுதான். கல்யாணப் பந்தியில் ஒரு கண் இலையிலும் ஒரு கண் அண்டாவிலுமாக நிற்பாரே தலைமைச் சமையல்காரர், அந்த உத்தியோகம்.

இந்த மாதிரிப் பொட்டிகளில் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது அமெரிக்காவின் ரேவன் என்கிற கம்பெனி. சௌத் டகோட்டா மாநிலத்தில் 1956-ல் ஆரம்பித்தபோது அவர்கள் செய்தது பலூன்! அதன் நிறுவனர்களில் ஒருவரான எட் யோஸ்ட்தான், அடுப்பைக் கூடவே எடுத்துக்கொண்டு பறக்கிற நவீன வெப்பக்காற்று பலூனை 1960-ல் ஓட்டிக் காட்டியவர். வானத்தில் ஆரம்பித்த கம்பெனி வயலில் இறங்கி, 2021-ல் டிராக்டர் செய்யும் சி.என்.ஹெச். கம்பெனிக்குக் கை மாறியது. மாமாவின் பொட்டி எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். நடந்த கூத்துக்கெல்லாம் காரணம் நானும், முன்பு வைத்திருந்தவரும்தான், பொட்டி பாவம்.

முதல் சனிக்கிழமை முழுக்க மாட்டும் வைபவம். கூட வந்த புத்தகம் எண்பது பக்கம். அதில் முதல் பன்னிரண்டு பக்கம் என்னென்ன செய்தால் சாவோம் என்று படம் போட்டிருந்தது. நான் புத்திசாலித்தனமாக ஹெட்லைட் வயரிலிருந்து கரண்ட் எடுத்தேன். திரை எரிந்தது. மாமி கற்பூரம் காட்டினாள். டிரைவர் செல்ஃப் போட்டார். திரை அணைந்தது.

திரும்ப எரியவில்லை.

டிராக்டரில் ஸ்டார்ட்டர் மோட்டார் என்பது மாமியார் மாதிரி. அது எழுந்து வரும்போது பாட்டரியிலிருக்கிற அத்தனை கரண்டும் அதற்கே. பொட்டி எப்போதும் எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகுதான் ஆன் செய்யப்பட வேண்டுமாம். கரண்டும் நேராக பாட்டரியிலிருந்து, தனி வயரில், பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் போட்டு எடுக்கவேண்டுமாம். பதினேழாம் பக்கத்தில் இருந்தது. நான் பன்னிரண்டில் நிறுத்திவிட்டேன்.

வயரை மாற்றிப் பார்த்தும் திரை கண் சிமிட்டியது. எரியும், போகும். மெஷினை விற்றவர், பொட்டியை மட்டும் தூத்துக்குடியில் தன் உறவினர் ஒருவரின் குடோனில் இரண்டு வருஷம் போட்டு வைத்திருந்தாராம். கடலிலிருந்து கூப்பிடு தூரம். புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் ஜன்னல் கம்பி ஒரு வருஷத்தில் உரியும், ஸ்கூட்டர் மட்கார்டு மூன்று வருஷத்தில் அப்பளமாகும். உப்பளமும் கடலும் சேர்ந்து வீசுகிற காற்று. அது பொட்டியை மட்டும் சும்மா விடுமா?

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில் படகுகளுக்கு வயரிங் செய்கிற ஒரு அண்ணாச்சியிடம் பொட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். விசைப்படகுகளின் ஜி.பி.எஸ்., வயர்லெஸ், மீன் கூட்டம் காட்டுகிற எக்கோ சவுண்டர் எல்லாவற்றுக்கும் அவர்தான் டாக்டர். டிராக்டர் சாமான் என்றதும் முகத்தைச் சுளித்தார். பிளக்கைக் கழற்றிப் பார்த்ததும் மலர்ந்துவிட்டார்.

“நம்ம வியாதிதான் தம்பி! பாத்தியளா, பச்சை பூத்திருக்கு.”

செம்புப் பின்களில் பாசி மாதிரிக் களிம்பு. “பொட்டிக்குள்ள ஒண்ணும் ஆவல. இதுக கெட்டுப்போறதெல்லாம் பிளக்லதான். பத்துக்கு எட்டு கேஸு இதுதான்” என்றார். ஸ்பிரே அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, ஒவ்வொரு பின்னையும் மீட்டர் வைத்துப் பார்த்து, கடைசியில் பற்பசை மாதிரி ஒரு கிரீஸைப் பிளக்குக்குள் பிதுக்கினார். தண்ணியும் உப்பும் உள்ளே போகாதாம். வயரைக் கட்டும்போது பிளக்குக்கு முன்னால் ஒரு தொங்கல் விடச் சொன்னார். மழைத்தண்ணி வயர் வழியே ஓடிவந்து பிளக்குக்குள் புகாமல் தொங்கலில் சொட்டிவிடும். பின்னால் சுழல்கிற பி.டி.ஓ. தண்டு பக்கம் எந்த வயரும் போகக்கூடாது. டிராக்டரில் எங்கே வெல்டிங் வைத்தாலும் முதலில் பொட்டியைக் கழற்றிவிடவேண்டும். எண்பது பக்கப் புத்தகத்தை, ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். டிராக்டரில் அவர் ஏறியதே இல்லையாம்.

அதற்குள் அங்கே மழை. விதைத்தது நன்றாக நனைந்துவிட்டது. மாமாவிடமிருந்து மணிக்கு ஒரு போன். அவர் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. களைக்கொல்லியில் ஒரு ரகம், களை முளைக்கும் முன்பே, ஈரம் இருக்கும்போதே மண்ணில் அடிக்கவேண்டியது. நனைந்த பிறகு மூன்று நாலு நாள்தான் கெடு. தவறினால் களை முந்திக்கொள்ளும்; பிறகு ஆள் விட்டுக் களை எடுக்கவேண்டும், ஆள் கிடைத்தால். அதிகமாக அடித்தாலும் வம்பு. மக்காச்சோளம் தாங்குகிற மருந்தை உளுந்து தாங்காது. மாமா காட்டுக்குக் கிழக்கே, வரப்பைத் தாண்டி, பங்காளியின் உளுந்து இரண்டு இலை விட்டு நிற்கிறது. அந்த வரப்புத் தகராறில் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காற்றில் நாலு சொட்டு அங்கே பறந்தால் அடுத்த ஆறு வருஷத்துக்கும் சேர்த்து அட்வான்ஸ்.

லீவு போட்டுவிட்டுப் போனேன். (காரணம்: ‘நெருங்கிய உறவினர் கவலைக்கிடம்’. பொய் இல்லை.)

பொட்டி ஜம்மென்று எரிந்தது. இனி அதற்குப் பாடம் சொல்லித் தரவேண்டும். அதற்குத் தானாக ஒன்றும் தெரியாது. சக்கரம் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் ஓடும், இரும்புக் கைகளின் அகலம் எவ்வளவு, ஃப்ளோ மீட்டரின் நம்பர் என்ன, எல்லாம் நாம்தான் ஊட்டவேண்டும். தப்பாக ஊட்டினால், தப்பை மூன்று இலக்கச் சுத்தமாகத் திருப்பிச் சொல்லும்.

முதல் தப்பு என்னுடையது. முதல் நாசிலிலிருந்து கடைசி நாசில் வரை டேப் பிடித்து, ஏழரை மீட்டர் என்று அடித்தேன். நாசிலுக்கு நாசில் அரை மீட்டர். பதினாறு நாசில். பதினாறு அரை எத்தனை ஸார்? எட்டு! நாசில்களுக்கு நடுவே பதினைந்து இடைவெளிதான். ஆனால் ஓரத்து நாசில்கள் ஆளுக்குக் கால் மீட்டர் வெளியேயும் நனைக்கின்றனவே. வேலிக்குக் கல் ஊன்றுகிறவனுக்குத் தெரிந்த கணக்கு, பி.காம். முதல் வகுப்புக்குத் தெரியவில்லை.

வேகத்தைத் தார்ரோட்டில் பழக்கக்கூடாது. காட்டிலேயே நூறு மீட்டர் அளந்து, டேங்கில் பாதித் தண்ணீரோடு ஓட்டிப் பார்க்கவேண்டும். ஈர மண்ணில் டயர் புதைந்தால் ஒரு சுற்றில் ஓடுகிற தூரம் குறையும். சென்சாரையும் முன்சக்கரத்தில்தான் வைத்தோம். பின்சக்கரம் வழுக்கிச் சுற்றும். நகராமலே ஓடியதாகக் கணக்குக் காட்டும்.

எல்லாம் முடிந்து, மருந்து கலக்காமல், வெறும் தண்ணீரில் ஒத்திகை. வேகம் 6 கிலோமீட்டர், ஹெக்டேருக்கு 240 லிட்டர் என்று வைத்தேன். ஏக்கருக்கு 97, நூறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். திரையில் 240. டிராக்டர் மெதுவானாலும் 240, வேகமெடுத்தாலும் ஒரு குலுங்கு குலுங்கி மறுபடி 240. மாமா என் முதுகில் தட்டினார். மாமி உள்ளே போய் முறுக்கு எடுத்து வந்தாள். என் வாழ்க்கையின் உச்சகட்டம் அது.

வேப்பமரத்தடியில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. இருபது வருஷமாக மாமா காட்டில் கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டி மருந்து அடித்தவர். 16 லிட்டர் டேங்க், ஏக்கருக்குப் பன்னிரண்டு டேங்க். இந்தப் பொட்டி வந்தால் தனக்கு வேலை போகும் என்று தெரிந்தும் அன்றைக்கு வந்திருந்தார்.

“தம்பி, இது மழையா விழல. புகையாப் போவுது. அங்க பாரும்.”

பார்த்தேன். கடைசி நாசிலிலிருந்து ஒரு வெண்புகை, சாவகாசமாகப் பங்காளியின் உளுந்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

“பொட்டியில 240 சரியா இருக்கே அண்ணே?”

“பொட்டி என்னமும் சொல்லட்டும். ஒரு பக்கெட்டு கொண்டாரும்.”

பக்கெட் வந்தது. மாமியின் சமையலறையிலிருந்து லிட்டர் அளவு மக்கும் வந்தது. (திருப்பிக் கொடுக்கவில்லை, மருந்துப் பக்கம் வந்த மக் அடுக்களைக்குத் திரும்பக்கூடாது. மாமிக்குப் புதிது வாங்கித் தந்தோம்.) டிராக்டரை நிறுத்திவைத்தே, ‘6 கிலோமீட்டரில் ஓடுவதாக நினைத்துக்கொள்’ என்று பொட்டியிடம் சொல்ல ஒரு வசதி இருக்கிறது. நின்ற இடத்தில் ஓடுவதாகக் காட்டுவது... எங்கள் ஆபீஸில் இதற்குப் பொட்டியே தேவைப்படாத சிலர் உண்டு.

நாசிலுக்குக் கீழே பக்கெட். ஒரு நிமிஷம். நீல நிற நாசில் அது. நிறத்தை வைத்தே ஓட்டையின் அளவைச் சொல்லிவிடலாம். மூன்று பார் அழுத்தத்தில் நிமிஷத்துக்கு சுமார் 1.2 லிட்டர் தரவேண்டும். அளந்தால் 1.6. அடுத்த நாசில், 1.6. பதினாறும் கிட்டத்தட்ட அப்படியே. பொட்டியில் 240, பூமியில் 320!

அப்போதுதான் டேங்குக்குப் பக்கத்திலிருந்த பழைய முள் மீட்டரைப் பார்த்தேன். மூன்றில் நிற்கவேண்டிய முள் ஐந்தைத் தாண்டி நடுங்கிக்கொண்டிருந்தது. அது காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் டிஜிட்டல் இருக்கும்போது முள்ளை யார் பார்ப்பார்கள்?

இங்கே ஒரு சின்ன ஃபிஸிக்ஸ். அதே நாசிலில் இரண்டு பங்கு தண்ணீர் வரவேண்டுமென்றால் அழுத்தம் இரண்டு பங்கு போதாது, நாலு பங்கு வேண்டும். அழுத்தம் ஏற ஏற சொட்டு பொடியாகும். பொடிச் சொட்டு கீழே விழாது, ஊர் சுற்றும். பொட்டியை நம்பி டிராக்டரை இரண்டு மடங்கு வேகத்தில் விரட்டினாலும் இதே கதைதான். லிட்டர் கணக்குச் சரியாக இருக்கும், மருந்து அடுத்தவன் காட்டில் இருக்கும்.

குற்றவாளி ஃப்ளோ மீட்டர். கழற்றினால் உள்ளே ஒரு குட்டிக் காற்றாடி. ஓடுகிற தண்ணீர் அதைச் சுற்றும். சுற்றை எண்ணித்தான் பொட்டி லிட்டர் சொல்லும். முன்பு வைத்திருந்தவர் பவுடர் மருந்து அடித்துவிட்டுக் கழுவவே இல்லை. காற்றாடியின் அச்சில் சுண்ணாம்பு மாதிரி காரை. நாலு சுற்று சுற்றவேண்டியது மூன்றுதான் சுற்றியது. பொட்டி என்ன நினைக்கும்? ‘தண்ணீர் பத்தவில்லை’ என்று வால்வை இன்னும் திறந்திருக்கிறது. தன் கணக்கில் அது உத்தமன்.

அன்று மருந்து கலந்தே அடித்திருந்தால்? நாலு ஏக்கருக்குக் கலந்த டேங்க் மூன்று ஏக்கரில் காலி. மூன்றில் ஒரு பங்கு மருந்து கூடுதலாக மண்ணில், மிச்சம் உளுந்தில். ஒரு வருஷ வெள்ளாமை.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தோம். (கம்ப்ரஸர் காற்றை விட்டுச் சுற்றவிட ஆசை வரும். கூடாது, அச்சு போய்விடும்.) மாட்டி, 200 லிட்டர் டிரம் ஒன்றை நிரப்பினோம். பொட்டி 196 என்றது. மீட்டர் நம்பரை 196-ஆல் பெருக்கி 200-ஆல் வகுத்துப் புது நம்பர் போட்டேன். மறுபடி பக்கெட். 1.2. முள், மூன்று. புகை நின்று மழை விழுந்தது. இரண்டு நாசில் மட்டும் பத்து சதவீதத்துக்கு மேல் கூடக் கொடுத்தன. தேய்ந்துபோனவை. தூக்கிப் போட்டோம்.

வடிகட்டிகளையும் அன்றைக்கே கழுவினோம். அதில் 50, 100 என்று நம்பர் போட்டிருந்தது. நம்பர் கூடினால் கண் சிறிசு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. மன்னார் வளைகுடா முத்துக் குளிப்பில் முத்துக்களைத் தரம் பிரிக்கப் பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். அவற்றுக்கும் 20-லிருந்து 1000 வரை துளைகளின் எண்ணிக்கைதான் பெயர். 20-ல் தங்கினால் ராஜா வீட்டுக்கு. தூத்துக்குடியில் கடைசி முத்துக் குளிப்பு 1961-ல் முடிந்தது. சல்லடைக் கணக்கு மட்டும் டிராக்டருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் விடியற்காலை, காற்று எழும்பும் முன், மருந்து அடித்தாயிற்று. பங்காளி வரப்பில் நின்று பார்த்தார். உளுந்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், போய்விட்டார். ஆறு வருஷத்தில் அவ்வளவு நேரம் நின்றது அதுதான் முதல் தடவை என்று மாமி சொன்னாள்.

வேப்பமரத்தடி அண்ணனிடம் ஒன்று கேட்டேன், இத்தனை வருஷத்தில் உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையா என்று. “ராத்திரி தல சுத்தும், சோறு எறங்காது, காலைல சரியாப் போவும்” என்றார், ஜலதோஷத்தைச் சொல்வது மாதிரி. நாசில் அடைத்தால் வாயால் ஊதித்தான் எடுப்பாராம். மகாராஷ்டிராவில் யவத்மால் மாவட்டத்தில், 2017-ல், பருத்திக்கு மருந்து அடித்த இருபது பேருக்கு மேல் விஷம் ஏறி இறந்துபோனார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில். அவருக்கு அது தெரியாது. நான் சொன்னதும் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவர்தான் மெஷினுக்குப் பொறுப்பு. பொட்டியைத் தொடமாட்டார். பக்கெட், மக், டூத்பிரஷ், கையுறை. ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரை டேங்கில் விட்டு, கடைசி நாசில் வரை அலசி விடுகிறார். மாமா அதற்குத் தனிக் கூலி கொடுக்கிறார். முணுமுணுத்துக்கொண்டேதான்.

சீசன் முடிந்ததும் பொட்டியைக் கழற்றிவிடவேண்டும். வெயிலிலும் எலிப்பல்லிலும் விடக்கூடாது. மாமா வீட்டில் எலி ஜாஸ்தி என்பதால், அது இப்போது தூத்துக்குடியில் எங்கள் வீட்டு பீரோவில், என் மனைவியின் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில், பாலிதீன் பையில் தூங்குகிறது. படகு அண்ணாச்சியின் கிரீஸ் ஒரு புடவையில் பட்டதால் எங்கள் வீட்டிலும் இப்போது ஒரு வரப்புத் தகராறு.

போன வாரம் மறுபடி மாமா. 2018-ல் படைப்புழு வந்ததிலிருந்து மக்காச்சோளம் போட்டவர்களுக்குத் தூக்கமில்லை. பயிர் ஆள் உயரம் வளர்ந்த பிறகு டிராக்டர் உள்ளே போகவும் முடியாது.

“மாப்ளே, பக்கத்து ஊர்ல ஒருத்தரு ட்ரோன் வாங்கியிருக்காரு. பத்து லிட்டர் டேங்கு. மேல நின்னு அடிக்குமாம். அதுலயும் ஒரு பொட்டி இருக்கு...”

“மாமா, ட்ரோன்ல மருந்து அடிக்கறதுக்கு 2021-லேயே மத்திய அரசு விதியெல்லாம் போட்டுட்டாங்க. அதை ஓட்டறவங்களுக்குத் தனி டிரெய்னிங் இருக்கு. நான் வெறும்...”

“ஓட்டறது அவரு ஓட்டுவாரு. நீ பக்கெட்ட எடுத்துட்டு வந்தாப் போதும். ஞாயித்துக்கிழம வாரேன்னு சொல்லிட்டேன்.”